மலிவு விலையும் மறைந்த கம்பியும்

அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கும், ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கும் செல்லும் பாதைகளில் கட்டட வேலை நடவாத தெருவை இன்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மூலையில் ஒரு கம்பெனி, "சதுர அடி இன்ன விலை" என்று பலகை நாட்டுகிறது. மறு வாரமே எதிர்ப்புறத்தில் வேறொரு கம்பெனி அதற்கு இருநூறு ரூபாய் குறைத்துப் பலகை நாட்டுகிறது. இதைக் கண்டு ஜனங்கள் சந்தோஷப்படுகிறார்கள். போட்டி இருந்தால் விலை குறையும், விலை குறைந்தால் சாமானியக் குமாஸ்தாவும் சொந்த வீட்டில் குடியேறலாம் என்று எண்ணுகிறார்கள். எண்ணம் நியாயமானதே. ஆனால் அந்த இருநூறு ரூபாய் எதிலிருந்து குறைந்தது என்று கேட்பவர் மிகச் சிலர். அந்தக் கேள்வியையே இன்று நாம் கேட்க விரும்புகிறோம்.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர் சொன்னது, வீட்டுக்குடையவன் தானே நின்று வீட்டைக் கட்டிய காலத்தில். அவன் கொத்தனார் பக்கத்தில் நின்றான். செங்கல்லைத் தட்டிப் பார்த்தான். சுண்ணாம்பு அரைபடுவதைக் கண்ணால் கண்டான். இன்று வீடு வாங்குகிறவன் காண்பது ஒரு வர்ணப் படம், ஒரு மாதிரி வீடு, ஒரு விலைப் பட்டியல். இருபது வருஷம் பாங்கிக்குத் தவணை கட்டி அவன் வாங்கப் போகும் பொருளின் உயிர்நிலை மண்ணுக்கடியிலும் கான்கிரீட்டுக்குள்ளும் மறைந்து கிடக்கிறது. வாங்குகிறவன் பார்த்துச் சோதிக்கக்கூடிய சரக்கில் போட்டி விலையைக் குறைக்கும். அவன் பார்க்க முடியாத சரக்கிலோ, போட்டி சரக்கையே குறைத்துவிடக் கூடும். மேற்குச் சென்னையின் கட்டடத் தொழிலைப் பிடித்திருக்கும் ஆபத்து இதுதான் என்பது நமது அபிப்பிராயம்.

ஆவடியின் கதை

1955-ம் வருஷம் ஜனவரி மாதம் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. ஸ்ரீ தேபர் தலைமை வகித்த அந்த மகாசபையில்தான், சோஷலிச மாதிரியான சமுதாயத்தை நாட்டின் லட்சியமாக ஏற்கும் தீர்மானம் நிறைவேறியது. அதுவரை ரயில் நிலையமாகவும் ராணுவ முகாமாகவும் அறியப்பட்டிருந்த ஆவடியின் பெயர் அன்று தேசமெங்கும் பரவியது. அதைத் தொடர்ந்த பத்தாண்டுகளில் ஆவடியில் டாங்கிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை ஏற்பட்டது. தொழில் வந்தபின் தொழிலாளி வந்தான். தொழிலாளிக்கு வீடு வேண்டியிருந்தது. 1961-ல் அமைக்கப்பட்ட வீட்டு வசதி வாரியம் முகப்பேரிலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் மனைகளும் வீடுகளும் வகுத்தது. அந்த வீடுகளில் அலங்காரம் குறைவு. ஆயினும் அவற்றைக் கட்டுவதில் லாபம் பிரதான நோக்கமாக இருக்கவில்லை.

காலம் மாறியது. 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டது. 2019-ல் ஆவடியே தனி மாநகராட்சியாயிற்று. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை வரும் பாதையையும் உள்ளடக்கிய மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்திற்கு, 63,246 கோடி ரூபாய் மதிப்பில் மத்திய மந்திரி சபை 2024 அக்டோபரில் அனுமதி தந்தது. ரயில் வருவதற்கு முன்பே நிலத்தின் விலை ஏறிவிடுகிறது. இப்போது இந்தப் பிரதேசத்தில் குடியேறுகிறவர்களில் பெரும்பாலோர்க்கு வீடு கட்டித் தருவது தனியார் கம்பெனிகளே. ஆகவே அவர்கள் எப்படி லாபம் சம்பாதிக்கிறார்கள் என்பது அவர்களுடைய சொந்த விவகாரம் மட்டுமல்ல. பொதுஜன விவகாரமும் ஆகும்.

லாபக் கணக்கு

கட்டடக் கம்பெனி என்றவுடன் நூறு ஏக்கரில் நகரம் நிர்மாணிக்கும் பெருமுதலாளிகளே பலருக்கு நினைவு வருகிறார்கள். ஆனால் அம்பத்தூர், அயப்பாக்கம், திருமுல்லைவாயல், பட்டாபிராம் தெருக்களில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு மனை, இரண்டு மனையில் அடுக்கு வீடு எழுப்பும் சிறு கம்பெனிகள். இவர்களில் அநேகர் நிலத்தை விலைக்கு வாங்குவதில்லை. நில உரிமையாளரோடு கூட்டு ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். நிலம் அவருடையது, கட்டும் செலவு கம்பெனியுடையது, கட்டிய வீடுகளை இருவரும் பங்கிட்டுக் கொள்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் உதாரணத்திற்காகவே. இரண்டு கிரவுண்டு நிலம், அதாவது 4,800 சதுர அடி. 2019-ம் வருஷத்திய கட்டட விதிகளின்படி, சாலை அகலம் முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, சாதாரண உயரமுள்ள கட்டடத்தில் நிலப் பரப்பைப் போல் இரு மடங்கு கட்டலாம். எனவே 9,600 சதுர அடி. ஒவ்வொன்றும் 1,200 சதுர அடியாக எட்டு வீடுகள். சதுர அடிக்கு 2,500 ரூபாய் செலவானால் கட்டடத்திற்கு 2 கோடியே 40 லட்சம். பாதிக்குப் பாதி என்று ஒப்பந்தமானால் கம்பெனியின் பங்கு 4,800 சதுர அடி. அதைச் சதுர அடி 6,500 ரூபாய்க்கு விற்றால் 3 கோடியே 12 லட்சம். வித்தியாசம் 72 லட்சம். வட்டி, அனுமதிக் கட்டணங்கள், விளம்பரம், தரகு ஆகியவற்றிற்கு 32 லட்சம் போனால், இரண்டு வருஷ உழைப்புக்கு 40 லட்சம் மிஞ்சும். இது அநியாய லாபமல்ல.

இப்போது போட்டி வருகிறது. அது முதலில் வருவது வீடு வாங்குகிறவரிடமல்ல, நில உரிமையாளரிடம். "அவர் பாதி தருகிறாரா? நான் நூற்றுக்கு ஐம்பத்தைந்து தருகிறேன்" என்கிறது அடுத்த கம்பெனி. அதை ஒப்புக்கொண்டால் கட்டுகிறவர் பங்கு 4,320 சதுர அடியாகச் சுருங்குகிறது. விற்பனை வரவில் 31 லட்சத்து 20 ஆயிரம் போய்விடுகிறது. 40 லட்சமாக இருந்த லாபம் 8 லட்சத்து 80 ஆயிரமாகிறது. பிறகு எதிர்ப்புறத்துப் பலகைக்குப் பயந்து சதுர அடிக்கு 200 ரூபாய் குறைக்கிறார்கள். இன்னும் 8 லட்சத்து 64 ஆயிரம் போகிறது. மிச்சம் 16 ஆயிரம் ரூபாய்! கட்டட மேஸ்திரி ஒருவர் ஒரு மாதத்தில் சம்பாதிப்பதைக்கூட இரண்டு வருஷத்தில் அந்தக் கம்பெனி சம்பாதிக்கவில்லை.

இந்தக் கணக்கை நாம் விஸ்தாரமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மேலே இருக்கும் நில உரிமையாளர் தம் பங்கை விடுவதில்லை. கீழே இருக்கும் வாங்குகிறவர் அதிக விலை தருவதில்லை. சிமெண்டு விலையும் இரும்பு விலையும் சிறு கம்பெனியின் கையில் இல்லை. வட்டி ஒரு நாள்கூட நிற்பதில்லை. அப்படியானால் கம்பெனி தன் கையை வைக்கக் கூடிய இடம் ஒன்றே ஒன்று. அது கட்டடச் செலவு. சதுர அடிக்கு 2,500 ரூபாயில் பத்திலொரு பங்கைக் குறைத்தால் 24 லட்சம் திரும்பக் கிடைக்கிறது. போன லாபத்தில் பாதிக்கு மேல் இப்படி மீட்டுவிடலாம்.

குறைப்பது எதில்?

இவ்வாறு குறைக்கும்போது யாராவது தரையில் பதிக்கும் பளிங்குக் கல்லைக் குறைப்பார்களா? குறைக்க மாட்டார்கள். வாசற்கதவு, சமையலறை மேடை, குளியலறைக் குழாய் ஆகியவற்றையும் குறைக்க மாட்டார்கள். இவற்றையெல்லாம் வாங்க வருகிறவர் பார்க்கிறார், பார்த்து மயங்குகிறார். அவர் பார்க்காததில்தான் குறையும்.

முதலாவது மண். மேற்குச் சென்னை ஏரிகளின் நாடு. கொரட்டூர், அம்பத்தூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு என்று ஏரிகள் தொடர்ந்து வருகின்றன. பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் இருக்கிறது. ஏரியை அடுத்த களிமண் பூமி மழையில் ஊறிப் பெருக்கும்; கோடையில் காய்ந்து சுருங்கும். அத்தகைய நிலத்தில் ஆழத் துளையிட்டு மண்ணைச் சோதித்து அதற்கேற்ற அஸ்திவாரம் போட வேண்டும். இதற்குப் பணம் வேண்டும். "பக்கத்து மனையில் போட்ட அஸ்திவாரமே நமக்கும் போதும்" என்று சொல்வதற்கோ பணம் வேண்டியதில்லை.

இரண்டாவது கணக்கு. எந்தத் தூண் எவ்வளவு பாரம் தாங்கும், எத்தனை கம்பி, என்ன கனம் என்று தீர்மானிப்பவர் வடிவமைப்பு இஞ்சினீயர். அவருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் மிச்சம் பிடிப்பதும், அவர் எழுதிய கம்பியில் மிச்சம் பிடிப்பதும் கான்கிரீட்டு மூடியபின் எவர் கண்ணுக்கும் தெரியாது.

மூன்றாவது தண்ணீரும் நாளும். கான்கிரீட்டு போட்டபின் அதை ஈரம் உலராமல் காக்க வேண்டும். சாதாரண சிமெண்டானால் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்டானால் 10 நாள் என்று இந்தியத் தர விதி கூறுகிறது. போட்ட கான்கிரீட்டிலிருந்து மாதிரிக் கட்டிகள் எடுத்து வைத்து 28-வது நாளில் நசுக்கிப் பார்க்க வேண்டும் என்பதும் முறை. கோடையில் தண்ணீர் லாரிக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்போது ஏழு நாள் நான்கு நாளாகிறது. வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது 28 நாள் யாருக்கும் பொறுக்கவில்லை.

நான்காவது மனிதன். கம்பெனி கண்டிராக்டரிடம் வேலையை விடுகிறது. கண்டிராக்டர் மேஸ்திரியிடம் விடுகிறார். மேஸ்திரி ஒடிஸாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் வடக்கு ஆந்திரத்திலிருந்தும் ஆள் கொண்டுவருகிறார். ஒவ்வொரு படியிலும் சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் ஒருவர் தம் பங்கை எடுத்துக்கொள்கிறார். கடைசிப் படியில் நிற்பவனுக்குக் கிடைப்பது அவசரமும் ஆபத்துமே. தமிழ்நாட்டில் கட்டடத் தொழிலாளர் நல வாரியம் 1994-லேயே ஏற்பட்டது. ஆனால் அந்த வாரியத்தின் பெயரைக்கூடக் கேட்டறியாதவர் சாரத்தின்மேல் எத்தனையோ பேர் நிற்கிறார்கள்.

எல்லாக் கம்பெனிகளும் இவ்விதம் செய்கின்றன என்று நாம் கூறவில்லை. மண்ணைச் சோதித்து, முழுக் கம்பியும் கட்டி, நாளெல்லாம் நீர் ஊற்றி நாணயமாகக் கட்டுகிறவர்கள் இந்தப் பிரதேசத்தில் இருக்கிறார்கள். நமது துக்கமே அவர்களைப் பற்றியதுதான். அவர்கள் செய்யும் நல்ல வேலையும் மறைந்திருக்கிறது. மற்றவர் செய்யும் கெட்ட வேலையும் மறைந்திருக்கிறது. பலகையில் தெரிவது விலை ஒன்றே. அதில் நாணயஸ்தர் தோற்கிறார். 1970-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப், பழைய மோட்டார் கார் விற்பனையை உதாரணமாகக் கொண்டு இதே நியாயத்தை விளக்கினார். தரத்தை வாங்குகிறவன் அறிய முடியாத சந்தையில் கெட்ட சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்பது அவர் முடிவு. அதற்காக 2001-ல் நோபல் பரிசில் அவர் பங்கு பெற்றார். காரில் ஏற்படும் பழுது நடுவழியில் நிறுத்தும். வீட்டில் ஏற்படும் பழுது உள்ளே தூங்குகிறவர்களின் உயிரைக் கேட்கும்.

மௌலிவாக்கம்

இது வெறும் வாதமல்ல. 2014-ம் வருஷம் ஜூன் 28-ந் தேதி சனிக்கிழமை மாலை, போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழைக்கிடையே சரிந்து விழுந்தது. 61 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள். இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர் 27 பேர். ஓய்வு பெற்ற நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. இடி விழுந்ததால் கட்டடம் விழுந்தது என்று முதலில் சிலர் சொன்னார்கள். நிபுணர்களின் ஆராய்ச்சியோ கட்டட வடிவத்திலேயே குறை இருந்ததென்றும், பாரத்தைத் தாங்கும் வலு தூண்களுக்கு இல்லையென்றும் கண்டது. பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தில் குடியேற எவரும் துணியவில்லை. 2016 நவம்பர் 2-ந் தேதி வெடி வைத்து அதையும் தகர்த்தார்கள்.

அந்தக் கட்டடத்தின் வரவு செலவை இங்கே ஆராய்வது நமது நோக்கமல்ல. நமது நேயர்கள் கவனிக்க வேண்டியது வேறு. அந்தக் கட்டடம் திருட்டுத்தனமாக இரவில் எழுந்ததல்ல. அனுமதி பெற்றது, விளம்பரம் செய்யப்பட்டது, நடுத்தரக் குடும்பங்கள் அதற்குப் பணம் கட்டியிருந்தன. அனுமதி தந்த அதிகாரியின் முத்திரையும், பணம் கட்டியவரின் கண்ணும், கடன் தந்தவரின் பரிசீலனையும் தூணின் உட்புறத்தை எட்டவில்லை. மாலையில் விழுந்ததால் தொழிலாளிகள் மாண்டார்கள். ஓராண்டு கழித்து விழுந்திருந்தால் குழந்தைகளும் தாய்மாரும் மாண்டிருப்பார்கள்.

கொரியாவின் ஸியோல் நகரில் 1995 ஜூன் 29-ந் தேதி ஒரு பெரிய பல்பொருள் அங்காடி இடிந்து 502 பேர் உயிர் துறந்தார்கள். அந்தக் கட்டடத்தின் உபயோகத்தை நடுவில் மாற்றினார்கள்; மாடி கூட்டினார்கள்; தூண்களைக் குறைத்தார்கள். முதலில் வேலையை ஏற்றிருந்த கண்டிராக்டர் அந்த மாறுதல்களுக்கு இணங்க மறுத்தார். அவர் நீக்கப்பட்டார், இணங்கியவர்களைக் கொண்டு வேலை முடிந்தது. "முடியாது" என்று சொல்லக் கூடிய கட்டடக்காரர் வேலையை இழப்பதும், "ஆகட்டும்" என்கிறவர் வேலையைப் பெறுவதும் ஸியோலுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல.

போட்டியை ஒழிக்கலாமா?

அப்படியானால் போட்டியே கூடாது, சர்க்கார் விலையை நிர்ணயித்துவிட வேண்டும் என்று சிலர் கூறுவார்கள். நாம் அதை ஆதரிக்கவில்லை. போட்டி ஒழிந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சிமெண்டே சாட்சி. சிமெண்டு உற்பத்தியாளர்கள் கூடிப் பேசி விலையையும் உற்பத்தியையும் கட்டுப்படுத்தினார்கள் என்று 2012-ல் இந்தியப் போட்டிக் கமிஷன் தீர்ப்பளித்து, பல கம்பெனிகளுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. 2015-ல் அப்பீலில் அது ரத்தாகி மறு விசாரணைக்குப் போய், 2016-ல் மீண்டும் விதிக்கப்பட்டது. 2018-ல் அப்பீல் மன்றம் அதை உறுதி செய்தபின் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. சிமெண்டு விலையின் கடுமையைத் தாங்காமல்தான் தமிழ்நாடு சர்க்கார் மூட்டை 190 ரூபாய்க்கு அம்மா சிமெண்டு தரும் திட்டத்தை 2014-ல் அறிவிக்க நேர்ந்தது. இங்கிலாந்திலும் கண்டிராக்டுகளுக்கு விலை கேட்பதில் தமக்குள் பேசிவைத்துக்கொண்டதற்காக 103 கட்டடக் கம்பெனிகள் 2009-ல் அபராதத்திற்குள்ளாயின. கட்டடக்காரர்கள் சண்டையிட்டால் சுவர் மெலிகிறது. சமாதானமானால் விலை பெருக்கிறது. இரண்டிலும் நஷ்டம் ஜனங்களுக்கே.

போட்டியினால் நன்மையும் உண்டு. உதாரணமாக, 2019 ஏப்ரல் முதல் புதிய வீடுகளுக்குச் சரக்கு சேவை வரி, மலிவு வீடுகளுக்கு நூற்றுக்கு ஒன்றும் மற்றவற்றுக்கு ஐந்துமாக விதிக்கப்படுகிறது. ஆனால் கட்டுகிறவர் சிமெண்டுக்கும் இரும்புக்கும் செலுத்திய வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது. அது அவர் செலவிலேயே சேர்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டின் வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் குறைவின் பலன் வீடு வாங்குகிறவருக்குக் கிடைக்க வேண்டுமானால் போட்டி இருந்தால்தான் கிடைக்கும். ஆகவே போட்டி இருக்கட்டும். அது எதில் நடக்க வேண்டும் என்பதே கேள்வி. இன்று விலையில் மட்டும் நடக்கிறது. உறுதியிலும் நடக்க வேண்டுமானால், உறுதி கண்ணுக்குத் தெரியும்படி வெளியே வர வேண்டும்.

சட்டமும் அதன் இடைவெளியும்

2016-ம் வருஷத்திய மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் இந்தத் திசையில் நல்லதோர் அடி. தமிழ்நாட்டில் அதன் விதிகள் 2017 ஜூன் மாதம் வெளியாயின. வாங்குகிறவரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு அந்தத் திட்டத்திற்கே செலவிட வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்திலொரு பங்குக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது. வீட்டை ஒப்படைத்த ஐந்தாண்டுகளுக்குள் கட்டட உறுதியில் குறை தோன்றினால் கம்பெனி தன் செலவில் சரிசெய்ய வேண்டும். இவையெல்லாம் வரவேற்கத் தக்கவை.

ஆனால் நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாமலும் வீடுகள் எட்டுக்கு மேற்படாமலும் இருந்தால் பதிவு வேண்டியதில்லை. நாம் மேலே கணக்குப் போட்ட இரண்டு கிரவுண்டு நிலம் 446 சதுர மீட்டர், வீடுகள் எட்டு. சட்டத்தின் வாசலுக்கு வெளியே அது சௌகரியமாக நிற்கிறது. லாபம் மிக மெலிந்திருக்கும் இடமும், மறைவான குறைப்புக்கு ஆசை மிகுந்திருக்கும் இடமும் இதுவே. கண்காணிப்பு அவசியமான இடத்தில் அது தேய்ந்துவிடுகிறது. கட்டடத்தை இன்ஷூர் செய்யும் கடமையைச் சொல்லும் 16-வது பிரிவோ, சர்க்கார் அறிவிக்கும்போதுதான் அமுலுக்கு வரும் என்று எழுதப்பட்டிருக்கிறது.

வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே, அதில் குறை இருந்தால் நுகர்வோர் மன்றத்தில் நஷ்ட ஈடு கேட்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1993-ல், லக்னோ அபிவிருத்தி அதிகார சபை வழக்கில் தீர்ப்புச் செய்திருக்கிறது. இது பெரிய பாதுகாப்பு. ஆயினும் கோர்ட்டில் பழகியவர்கள் என்ற முறையில் நாம் ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். குறை தெரிந்தபின்தான் வழக்கு. தூணுக்குள் இருக்கும் குறை தெரியும்போது வாதியே உயிரோடு இல்லாமல் போகலாம். ஒரு வீட்டைக் காக்க வேண்டியது தீர்ப்பல்ல. வேலை நடக்கும்போதே நடக்கும் பரிசோதனை.

செய்ய வேண்டியவை

இந்நிலையில் நாம் கோருவன நான்கு.

முதலாவதாக, அடுக்கு வீடு கட்டும் ஒவ்வொரு இடத்திலும், சிறிதாயினும் பெரிதாயினும், மண் பரிசோதனை அறிக்கை, அஸ்திவாரத்தின் விவரம், வடிவமைத்த இஞ்சினீயரின் பொறுப்புக் கையெழுத்து, ஒவ்வொரு மாடியிலும் எடுத்த மாதிரிக் கட்டிகளின் 28-நாள் சோதனை முடிவு ஆகியவை தமிழில் பலகையில் எழுதி வைக்கப்பட வேண்டும். விலைப் பலகை வைக்க இடமிருக்கும்போது இதற்கும் இடமிருக்கும். இத்தகைய பரிசோதனைக்குக் கூடுதலாக ஒரு லட்சம் ரூபாய் செலவாகும் என்றே வைத்துக்கொண்டாலும், 9,600 சதுர அடியில் பங்கிட்டால் சதுர அடிக்குப் பத்து ரூபாய் சொச்சம். இருநூறு ரூபாய் தள்ளுபடி தருகிறவர்கள் இதைத் தர முடியாதென்று சொல்ல நியாயமில்லை.

இரண்டாவதாக, பதிவுச் சட்டத்தின் எட்டு வீட்டு வரம்பு இறங்க வேண்டும். சிறு கம்பெனிகளை வருத்துவது நமது நோக்கமல்ல. அவர்களுக்கு எளிய, குறைந்த கட்டணமுள்ள பதிவு முறை ஏற்படுத்தலாம்.

மூன்றாவதாக, கட்டட உறுதிக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயமாக வேண்டும். பிரான்ஸ் தேசத்தில் 1804-ம் வருஷத்திய ஸிவில் சட்டக் காலத்திலிருந்தே கட்டியவருக்குப் பத்தாண்டுப் பொறுப்பு உண்டு. 1978-ல் இயற்றிய சட்டம் அந்தப் பொறுப்புக்கு இன்ஷூரன்ஸையும் கட்டாயமாக்கியது. இதன் சூக்ஷ்மம் எளிது. பத்தாண்டு நஷ்டத்தைத் தாங்கப் போகும் இன்ஷூரன்ஸ் கம்பெனி, கான்கிரீட்டு மூடுவதற்கு முன் கம்பியை எண்ணிப் பார்க்கத் தன் ஆளை அனுப்பும். நன்றாகக் கட்டுகிறவருக்குக் கட்டணம் குறையும். மோசமாகக் கட்டுகிறவருக்கு ஏறும். அன்று நாணயம் லாபமாக மாறும். நாணயஸ்தருக்குப் புத்திமதி வேண்டியதில்லை; அவருடைய நாணயத்துக்குச் சந்தையில் ஒரு விலை வேண்டும்.

நான்காவதாக, கூட்டு ஒப்பந்தத்தில் பாதிக்கு மேல் பங்கு கேட்கும் நில உரிமையாளர் பொறுப்பிலும் பங்கு ஏற்க வேண்டும். லாபத்தில் ஐம்பத்தைந்து சதவீதம் உடையவர், சுவர் வெடித்தால் மட்டும் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல அனுமதிக்கலாகாது.

இவையெல்லாம் சர்க்கார் செய்ய வேண்டியவை. நமது நேயர்களில் பலர் பொது ஊழியர்கள். வார்டு தோறும் சங்கம் நடத்துகிறவர்கள். சாலைக்கும் சாக்கடைக்கும் மனு எழுதிக் கொடுக்கிறவர்கள். அவர்கள் தங்கள் தெருவில் கட்டட வேலை தொடங்கும் முதல் நாளே போய், மண் பரிசோதனை அறிக்கை எங்கே என்று கேட்கலாம். கான்கிரீட்டு போடும் நாளில் மாதிரிக் கட்டி எடுக்கிறார்களா என்று பார்க்கலாம். வடக்கிலிருந்து வந்த தொழிலாளிக்கு வாரியப் பதிவு உண்டா என்று விசாரிக்கலாம். தகர வேலிக்குள் நடப்பது தனியார் விவகாரம் என்று ஒதுங்குவது தவறு. அந்த வேலிக்குள் எழுவது நாளைக்கு நம் அண்டை வீடு.

வீடு வாங்கப் போகும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு கம்பெனிகளின் விலையை ஒப்பிடும்போது, குறைந்த விலை சொல்பவரிடம் குறைந்த காரணத்தையும் கேளுங்கள். நிலம் பழைய விலைக்கு வாங்கியது என்றால் அது ஒரு காரணம். சிமெண்டின் வரி குறைந்தது என்றால் அதுவும் காரணம். வேலை துரிதமாக முடிந்து வட்டி மிச்சமானது என்றால் அதையும் ஏற்கலாம். காரணமே சொல்லாமல் பளிங்குத் தரையை மட்டும் காட்டுகிறவரிடம் கையெழுத்துப் போடாமல் திரும்பி வருவது நல்லது.

மௌலிவாக்கத்தில் மாண்ட 61 பேரும் வீடு வாங்க வந்தவர்களல்லர். பிறர் குடியிருக்க வீடு கட்ட வந்தவர்கள். அவர்கள் கட்டிய சுவரின் பலவீனத்தை அவர்களிடம் எவரும் சொல்லவில்லை. அடுத்த கட்டடத்திலாவது அதைச் சொல்லும் பலகை ஒன்று வாசலில் நிற்க வேண்டும் என்றே சர்க்காரையும் கட்டடக் கம்பெனிகளையும் நாம் கேட்டுக்கொள்கிறோம்.